முதல் வீட்டுக்கு முன்பணம்: 11 லட்சம் வேண்டும், கையில் 4 லட்சம்தான் இருக்கிறது

கேள்வி கேட்டவர்: பின்னலாடை ஊழியர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் திருப்பூரில் ஒன்பது ஆண்டுகளாக வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். பிடித்தம் போக மாதம் 46,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவருக்கு 24,000 ரூபாய். இந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு முறை வீடு மாறிவிட்டோம். கடைசியாக மாறிய அன்று, இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் தன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை எடுத்துக்கொண்டு போக முடியாதா அப்பா?" என்று கேட்டாள். அன்றிலிருந்துதான் சொந்த வீட்டை மும்முரமாகத் தேடத் தொடங்கினோம்.

அவிநாசிக்கு அருகே மூன்று செண்டில் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு படுக்கையறைத் தனி வீடு ஒன்று எங்களுக்குப் பிடித்திருக்கிறது. விலை 38 லட்சம். வங்கியில் 80 சதவீதம்தான் கடன் தர முடியும் என்கிறார்கள். ஆகவே 7 லட்சத்து 60 ஆயிரம் எங்கள் பங்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 3 லட்சத்து 42 ஆயிரம். வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம் ஆகியவற்றுக்கு 35 ஆயிரம் என்று வைத்தாலும் மொத்தம் 11 லட்சத்து 37 ஆயிரம் தேவைப்படுகிறது.

எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். வங்கி வைப்பில் 4 லட்சத்து 10 ஆயிரம். என் பி.எஃப். கணக்கில் 2 லட்சத்து 60 ஆயிரம். மனைவியிடம் 24 பவுன் நகை. அதில் பாதி அவருடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சீராகக் கொடுத்தது என்பதால் அதைத் தொட அவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. 25 மாத ஏலச்சீட்டு ஒன்று போட்டிருக்கிறோம். 5 லட்ச ரூபாய்ச் சீட்டு, ஐந்து தவணைகள் கட்டியாயிற்று.

மீதிப் பணத்துக்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். தனிநபர் கடன் 4 லட்சம் வாங்கலாம் என்கிறார் அலுவலக நண்பர். சீட்டை இப்போதே தள்ளி (அதாவது ஏலத்தில் தள்ளுபடி கொடுத்து) எடுக்கச் சொல்கிறார் என் மைத்துனர். பங்காளி முறையில் அண்ணன் ஒருவர் 3 லட்சம் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார். வீட்டைக் கட்டி விற்பவரோ, பத்திரத்தில் 26 லட்சம் மட்டும் எழுதிக்கொண்டால் பதிவுச் செலவு குறையும், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார். ஆடி பிறப்பதற்குள் கிரயம் முடிக்க வேண்டும் என்பதால் 5 லட்சம் முன்பணத்தை அடுத்த வாரமே ரொக்கமாகக் கேட்கிறார். கந்து வட்டிப் பக்கம் போவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். இவற்றில் எது சரி, அல்லது எங்களுக்குத் தோன்றாத வேறு வழி ஏதேனும் உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், ஈரோடு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பணத்தை எங்கே திரட்டுவது என்பதற்கு முன்பு, உங்கள் பங்கு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை இருந்தால் 90 சதவீதம் வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். 30 லட்சம் என்ற அந்தக் கோட்டில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. 33 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் வீட்டுக்கு 90 சதவீதக் கடன் என்றால் சரியாக 30 லட்சம் வரும். அதற்கு மேல் விலை ஏற ஏற, 37 லட்சத்து 50 ஆயிரம் வரையில், கடன் 30 லட்சத்திலேயே நின்றுவிடும். கூடுதல் விலை முழுவதும் உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போக வேண்டும். 37 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டிய பிறகுதான் 80 சதவீதக் கணக்கில் கடன் மறுபடியும் ஏறத் தொடங்கும்.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 38 லட்சம் வீட்டுக்கு உங்கள் பங்கு 7 லட்சத்து 60 ஆயிரம். 33 லட்சம் வீட்டுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். விலையில் 5 லட்சம் குறைந்தால் முன்பணத்தில் 4 லட்சத்து 30 ஆயிரம் குறைகிறது. பதிவுச் செலவிலும் 45 ஆயிரம் குறைகிறது. நீங்கள் எங்கெங்கோ கடன் கேட்டுத் திரட்ட நினைக்கும் தொகையில் பெரும்பகுதி, விலையைக் கொஞ்சம் இறக்கிய உடனே தேவையற்றதாகிவிடுகிறது. 90 சதவீதம் என்பது உச்ச வரம்பே தவிர உரிமை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்கு வங்கி நடைமுறை மாறும். சிலர் 85 சதவீதத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே மூன்று இடங்களிலாவது எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது, பத்திரத்தில் 26 லட்சம் எழுதும் யோசனை. இது சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்குப்படியும் உங்களைத்தான் நெருக்கும். பத்திரத்தில் உள்ள விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தரும். 26 லட்சத்துக்கு 90 சதவீதம் என்றால் 23 லட்சத்து 40 ஆயிரம். விலையோ 38 லட்சம். ஆக 14 லட்சத்து 60 ஆயிரத்தை நீங்கள் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். பதிவில் 1 லட்சத்து 8 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், வங்கிக் கடனில் 7 லட்சத்தை இழப்பீர்கள். இந்த யோசனையில் விற்பவருக்கு ஆதாயம் உண்டு, உங்களுக்கு இல்லை.

தனிநபர் கடனையும் இப்படியே பாருங்கள். 4 லட்சத்தை 12 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,530 ரூபாய். உங்கள் இருவர் வருமானம் 70,000. எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வங்கி வைத்துக்கொண்டால், வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 24,470 ரூபாய்தான். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு, லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய் என்று கணக்கிட்டால், 28 லட்சத்துக்கு மேல் கடன் கிடைக்காது. முன்பணத்துக்காக வாங்கிய கடனே மூலக் கடனைக் குறைத்துவிடும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் புதிய கடன் எதையும் வாங்காதீர்கள், கைப்பேசியைத் தவணையில் வாங்குவது உட்பட.

பதில் 2: தறிக்காரர் வீட்டுப் பெண், சோமனூர்

வணக்கம் அண்ணா. சீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டு முன்பணம் சீட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் உங்கள் மைத்துனர் சொல்லும் முறையில் அல்ல.

25 பேர், மாதம் 20,000, மொத்தம் 5 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். தொடக்க மாதங்களில் போட்டி அதிகம். 1 லட்சத்து 25 ஆயிரம் வரை தள்ளித்தான் எடுக்க முடியும். கைக்கு வருவது 3 லட்சத்து 75 ஆயிரம். தள்ளிய தொகையில் நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம், அதாவது 25 ஆயிரம் போக, மீதி 1 லட்சத்தை 25 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 4 ஆயிரம் கழிவு. ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் 16 ஆயிரம் கட்டுவார்கள். நீங்கள் இதுவரை கட்டியது இந்தக் கணக்கில் 80 ஆயிரம் இருக்கும். 3 லட்சத்து 75 ஆயிரத்தில் அந்த 80 ஆயிரம் உங்கள் சொந்தப் பணம். எனவே உண்மையில் நீங்கள் கடனாக வாங்குவது 2 லட்சத்து 95 ஆயிரம்தான். அதற்கு இன்னும் 20 தவணைகள் கட்ட வேண்டும். போகப் போகத் தள்ளுபடி குறையும் என்பதால் கழிவும் குறையும். சராசரியாக 18 ஆயிரம் என்று வைத்தால் 3 லட்சத்து 60 ஆயிரம் கட்டுவீர்கள். இதை வட்டியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வருகிறது. நம் ஊரில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் யாரும் வாங்கத் தயங்குவார்கள். ஆனால் சீட்டு என்ற பெயரில் வரும்போது அது வட்டியாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாங்கள் செய்தது நேர்மாறானது. வீடு வாங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சீட்டில் சேர்ந்து, கடைசி இரண்டு மாதங்கள் வரும் வரை கை வைக்கவில்லை. கட்டியதற்கு மேல் 50 ஆயிரத்துக்கும் கூடுதலாகக் கிடைத்தது. மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததால்தான் அந்தப் பணம் சேர்ந்தது; வங்கியில் போட்டிருந்தால் ஏதாவது ஒரு காது குத்துக்கோ கல்யாணத்துக்கோ எடுத்திருப்போம். உங்கள் சீட்டை இப்போது எடுக்காதீர்கள் அண்ணா. வீடு வாங்கிய பிறகு கடனில் ஒரு பகுதியை அடைக்க அது உதவும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்கு முன்பு, தெருவில் தெரிந்தவர் நடத்திய சீட்டில் 1 லட்சத்து 40 ஆயிரம் இழந்திருக்கிறோம். பதிவு செய்யாத சீட்டு. ஒரு வெள்ளிக்கிழமை தவணை கட்டப் போன என் மாமியார், பூட்டிய வீட்டின் முன்னால் பையோடு நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். சீட்டு நிதிச் சட்டம் 1982 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு சீட்டும் தொடங்குவதற்கு முன்பே சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி பெற வேண்டும், நடத்துபவர் கமிஷனும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அனுமதி ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் சீட்டு அப்படிப்பட்டதுதானா என்பதை இன்றே உறுதி செய்யுங்கள்.

வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் கையில் இருந்த 4 லட்சத்தைக் கொடுத்து மூன்று ஆண்டுகள் போக்கியத்துக்குக் குடியிருந்தோம். மாதம் 9 ஆயிரம் வாடகை மிச்சமானது. மூன்று ஆண்டுகளில் அது 3 லட்சத்து 24 ஆயிரம். அந்த வாடகைப் பணம்தான் சீட்டுத் தவணையாகப் போனது. கொடுத்த 4 லட்சமும் முழுதாகத் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்காரர் வேறு ஆள் கிடைக்கும் வரை பணம் தர முடியாது என்று ஐந்து மாதங்கள் இழுத்தார். போக்கியம் எழுதும் முன் வில்லங்கச் சான்று போட்டு அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தையும் பதிவு செய்துவிட வேண்டும். உடனே வீடு வாங்க வேண்டும் என்பவருக்கு இது பயன்படாது. இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்க முடிந்தவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: தேங்காய்க் களத்துக்காரர், காங்கயம்

கட்டிய வீட்டையே ஏன் வாங்க வேண்டும் என்பது என் கேள்வி. சைட் வாங்கிக் கட்டினால் முன்பணத்தை ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. பத்து மாதங்களில் பிரித்துப் பிரித்துப் போடலாம்.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். நான் என் மனைவி பெயரில், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கு ஒரு சைட் வாங்கினேன். 8 சதவீதம் என்ற கணக்கில் பதிவுக்கு 76,800 ரூபாய் ஆனது. அதில் 850 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று மேஸ்திரியிடம் பேசிக் கட்டினோம். 19 லட்சத்து 55 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 29 லட்சத்து 15 ஆயிரம். இதே வீட்டைக் கட்டி முடித்த நிலையில் வாங்கியிருந்தால் 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 62 ஆயிரம் பதிவுக்கே போயிருக்கும். நாம் கட்டும்போது நிலத்துக்கு மட்டும்தான் முத்திரைத் தீர்வை. ஏறத்தாழ 1 லட்சத்து 85 ஆயிரம் எங்களுக்கு மிச்சமானது.

கடன், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே கடனாகக் கிடைத்தது. நிலத்துக்கு உரிய பகுதியைக் கிரயத்தன்று கொடுத்தார்கள். பிறகு கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் வங்கிப் பொறியாளர் வந்து பார்த்த பின் பணம் விட்டார்கள். அதுவரை எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. நம் பங்கை முதலில் போட்ட பிறகே அவர்கள் பணம் வரும் என்பதால், கடைக்கால் போடும் வாரத்தில் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்க வேண்டும். அதன் பிறகு மாதச் சம்பளத்திலும் தீபாவளி போனஸிலும் மிஞ்சுவதைக் கொண்டே சமாளித்தோம். வாடகையும் வட்டியும் ஒன்றாகக் கட்டிய அந்தப் பத்து மாதங்கள் கடினமானவைதான். மழைக்கு வேலை நின்ற ஒரு மாதத்தில் தூக்கமே வரவில்லை. தளம் போட்ட அன்று நானும் மனைவியும் இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கோடு போய் ஈரக் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கட்டட அனுமதிக்கும் இப்போது அலைய வேண்டியதில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கு, சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் வந்துவிட்டது.

உங்கள் மாமனாருக்கோ தந்தைக்கோ ஊரில் வீட்டு மனை இருந்தால், அதைப் பிள்ளைக்கோ மகளுக்கோ தான செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்வதும் ஒரு வழி. குடும்பத்துக்குள் எழுதும்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சமாக 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் உச்சமாக 10,000. நிலத்துக்கான செலவே இல்லாமல் போய்விடும். ஆனால் தோட்டத்தில் ஐந்து செண்டை வெட்டிக் கொடுத்தால் அதற்கு வங்கி கடன் தராது. நத்தம் (கிராமக் குடியிருப்பு) மனையாகவோ அங்கீகரிக்கப்பட்ட மனையாகவோ இருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் இது தெரியாமல் செட்டில்மென்ட்டும் எழுதி வாங்கி, கடைக்காலும் தோண்டிய பிறகு கடன் மறுக்கப்பட்டுத் தவித்தார்.

பதில் 4: வரிக் கணக்கர், கோவை

மேலே உள்ளவர்கள் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். வரி தொடர்பானவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

அசையாச் சொத்துக்கான முன்பணத்தையோ கைமாற்றையோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தொகையை, பெற்றவர் அபராதமாகக் கட்ட நேரிடும். வீட்டு முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால் சிக்கல் விற்பவருக்கு. பங்காளி அண்ணனிடம் 3 லட்சம் ரொக்கமாக வாங்கினால் சிக்கல் உங்களுக்கு. திருப்பிக் கொடுப்பதும் வங்கி வழியாகவே இருக்க வேண்டும். 5 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நாளை அவர் மறுத்தால் உங்களிடம் சான்று இருக்காது. வங்கியும் அதை உங்கள் பங்காக ஏற்காது. முன்பணம் கொடுக்கும் முன் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதலே அது கட்டாயம். வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். யார் உறவினர் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், மைத்துனர், தாய்மாமன், அத்தை, சித்தப்பா, பெரியப்பா ஆகியோர் அதில் வருவார்கள். பங்காளி அண்ணனும் அத்தை மகனும் மாமன் மகனும் வர மாட்டார்கள். அவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகப் பெற்றால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். எனவே அண்ணன் தருவது கடன் என்றால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் எழுத்து என்றதும் உறவு கெட்டுவிடும் என்று கூச்சப்படுகிறார்கள். உறவு கெட்டதை நான் பார்த்ததெல்லாம் எழுதாத கடன்களில்தான்.

நகையைப் பொறுத்தவரை, ஓராண்டுக்குள் மீட்க முடியும் என்றால் அடகு. முடியாது என்றால் தேவைப்படும் அளவுக்கு மட்டும் விற்பது நல்லது. ஆண்டுக் கணக்கில் வட்டி கட்டி, முடிவில் ஏலத்தில் போகும் நகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. ஆனால் விற்ற பணத்தைக் கொண்டு வீடு வாங்கினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த ஆதாயத்துக்கு விலக்குப் பெறலாம். நகை உங்கள் மனைவியுடையது என்றால் வீடும் அவர் பெயரில், அல்லது கூட்டாக அவர் பெயரும் சேர்ந்து, இருக்க வேண்டும்.

பி.எஃப். பணத்தில் முழு 2 லட்சத்து 60 ஆயிரத்தையும் நம்பாதீர்கள். 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவில், வீட்டுத் தேவை உட்படப் பகுதித் தொகை எடுக்கும்போது 25 சதவீதத்தைக் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று இருக்கிறது. 1 லட்சத்து 95 ஆயிரம் என்றே கணக்குப் போடுங்கள்.

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0 பற்றி யாரேனும் சொல்லியிருப்பார்கள். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் உச்சமாக 1 லட்சத்து 80 ஆயிரம் வட்டி மானியம் கிடைக்கும். அது ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில்தான் சேரும். முன்பணத்துக்கு ஒரு ரூபாய் கூட உதவாது. மானியத்துக்காகக் கடனை 25 லட்சமாகக் குறைத்தால் உங்கள் பங்கு இன்னும் கூடும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: பின்னலாடை ஊழியர், திருப்பூர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து, ஈரோட்டு ஐயா சொன்ன 30 லட்சக் கோட்டைத் தாளில் போட்டுப் பார்த்தோம். அவிநாசி வீட்டை விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். ரொக்கம் வேண்டாம், முழு விலைக்கும் பத்திரம் எழுதலாம் என்று விற்பவரிடம் சொன்ன உடனே அவர் விலையை இன்னும் ஒரு லட்சம் ஏற்றினார். அதன் பிறகு எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

பெருமாநல்லூர் பக்கம் பதினொரு ஆண்டுகள் பழைய வீடு ஒன்றை 32 லட்சத்து 50 ஆயிரத்துக்குச் சொல்கிறார்கள். 90 சதவீதக் கடன் கிடைத்தால் எங்கள் பங்கு 3 லட்சத்து 25 ஆயிரம், பதிவு 2 லட்சத்து 92 ஆயிரத்து 500, இதரச் செலவு 35 ஆயிரம்; மொத்தம் 6 லட்சத்து 52 ஆயிரத்து 500. வைப்புப் பணமும் பி.எஃப். பணமும் சேர்ந்து 6 லட்சத்து 5 ஆயிரம் வருகிறது. குறையும் 47,500 ரூபாய்க்கு, உடைந்து கிடக்கும் தன் பழைய வளையல் ஒன்றை விற்றுக்கொள்ளலாம் என்று மனைவியே சொன்னார். அம்மிச்சி கொடுத்த நகைகளை அவர் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. சோமனூர் சகோதரி சொன்னபடி சீட்டின் அனுமதி ஆணையையும் கேட்டுப் பார்த்தேன், முறையாகவே இருக்கிறது. அதைக் கடைசி வரை கட்டப் போகிறோம். வங்கி 85 சதவீதத்தில் நிறுத்திவிட்டால் மேலும் 1 லட்சத்து 62 ஆயிரத்து 500 வேண்டியிருக்கும். அதை மட்டும் பங்காளி அண்ணனிடம் வங்கி வழியாகக் கடனாக வாங்கி, எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். பழைய வீடு என்பதால் வங்கி வேறு எதையாவது பார்க்குமா ஐயா?

பதில் 5: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், ஈரோடு

பார்க்கும், தம்பி. கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று பொறியாளரிடம் சான்று கேட்பார்கள். அந்த ஆயுள் கடன் காலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பதினொரு ஆண்டு வீட்டுக்கு இது பெரும்பாலும் தடையாக இருக்காது. மதிப்பீட்டாளர் 32 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் குறைவாக மதிப்பிட்டால் கடனும் அதற்கேற்பக் குறையும். எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே மதிப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், கடைசி வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை விற்பவரிடம் வாங்கி முதலில் வழக்கறிஞரிடம் கொடுங்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை ஏதேனும் மாடியில் பிறகு கட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை போய்ப் பாருங்கள். பழைய வீடுகளில் கடன் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: பின்னலாடை ஊழியர், திருப்பூர்

மிக்க நன்றி ஐயா. மாடியில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அது வரைபடத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வழக்கறிஞரைச் சந்திக்கிறேன். முடிவு எதுவானாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.